குழந்தையின் கண்ணில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் எழும்போது குழந்தையின் இமை பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது. நான் நுண்ணுயிரியல் படித்தவள், பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் உறவிலும் தெருவிலும் இருக்கும் பெற்றோர் இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்பது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். எந்த நேரத்தில் ஓட வேண்டும், எந்த நேரத்தில் பொறுத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

நல்ல ஆரோக்கியமான குழந்தையின் கண்ணிலும் பாக்டீரியா இருக்குமா?

இருக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை விழிவெண்படலம் என்கிறோம். இமையின் உட்பக்கத்திலும் அதே சவ்வுதான் இருக்கிறது. அந்தச் சவ்வின் மேலும், இமை ஓரத்திலும், கண்ணீர்ப் படலத்திலும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சளி, காய்ச்சல், சிவப்பு எதுவுமே இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணிலும் இருக்கின்றன.

ரொம்ப நாள் வரைக்கும் ஆரோக்கியமான கண் கிட்டத்தட்ட கிருமியே இல்லாத இடம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். காரணம், பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் பல நேரம் ஒன்றுமே வளராது. வளர்ந்தாலும் நாலைந்து புள்ளிகள்தான் தெரியும். அப்புறம் பாக்டீரியாவின் மரபுப்பொருளை நேரடியாகப் படிக்கும் முறை வந்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கே நான்கு பெரியவர்களின் கண்களை இப்படிப் பார்த்தார்கள். தட்டில் ஒருபோதும் வளராத பல பாக்டீரியாக்கள் உட்பட 59 பேரினங்களின் தடயம் கிடைத்தது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. கண்ணில் பாக்டீரியா மிகக் குறைவு. அவ்வளவு குறைவான பொருளைப் படிக்கும்போது, பரிசோதனைக்குப் பயன்படும் ரசாயனத்தில் இருக்கும் தூசி போன்ற மரபுப்பொருளும் சேர்ந்து பதிவாகிவிடும். கண்ணிலிருந்து வந்ததா, குப்பியிலிருந்து வந்ததா என்று பிரிப்பது இந்தத் துறையின் பெரிய தலைவலி. அதனால் நல்ல ஆய்வுகளில் யார் கண்ணையும் தொடாத வெறும் பஞ்சுக்குச்சியையும் கூடவே சோதிப்பார்கள்.

எவ்வளவு இருக்கும்?

கன்னத்தின் உட்பக்கத்தோடும் முகத் தோலோடும் ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கெல்லாம் நம் உடல் செல் ஒன்றுக்குப் பல பாக்டீரியாக்கள் இருக்கும். கண்ணில் கணக்குத் தலைகீழ். பல உடல் செல்களுக்கு ஒரு பாக்டீரியா என்ற அளவில்தான் இருக்கும். வாயை நெரிசலான சந்தை என்றால், கண்ணை ஆள் நடமாட்டம் குறைந்த மலைக்கிராமம் என்று சொல்லலாம்.

அடிக்கடி கிடைப்பவை ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் அதன் நெருங்கிய உறவுகளும், கோரினிபாக்டீரியம், க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் ஆகியவை. மூன்றுமே தோலில் சாதாரணமாக இருப்பவைதான். குழந்தைகளிடம் இவற்றோடு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் என்ன?

கண்ணீர்தான் முதல் காரணம். அழுதால்தான் கண்ணீர் என்று நினைக்கிறோம். ஆனால் விழித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் கண்ணின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஒரு கண்ணில் ஒரு நேரத்தில் இருக்கும் கண்ணீர் ஏழு மைக்ரோலிட்டர் அளவுதான். சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு சொட்டு விட்டாலே கன்னத்தில் வழிவது இதனால்தான். ஒரு சொட்டு போதும், மூன்று நான்கு விட்டால் மீதியெல்லாம் வெளியேதான் போகும்.

அந்தச் சிறிதளவு கண்ணீருக்குள் பெரிய படையே இருக்கிறது. 1922இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் லண்டனில் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அவர் பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு வருடம் முன்னால் நடந்தது இது. அவருக்கே சளி பிடித்திருந்தபோது மூக்குச் சளியைத் தட்டில் வளர்ந்திருந்த பாக்டீரியா மேல் வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் கரைந்துபோயின. பிறகு கண்ணீரில் அதே பொருள் இன்னும் வலுவாக இருப்பதைப் பார்த்தார். சோதனைக்குக் கண்ணீர் வேண்டுமே! அவரும் கூட வேலை செய்தவர்களும் எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து கண்ணீர் வரவழைத்தார்கள். அவர் கண்ட பொருளுக்கு லைசோசைம் என்று பெயர். அது பாக்டீரியாவின் சுவரை வெட்டிவிடும். கூடவே பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், கிருமி ஒட்டவிடாமல் தடுக்கும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்புப் பொருள் எல்லாம் கண்ணீரில் உண்டு.

இமைப்பது இரண்டாவது காரணம். கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் போல இமை ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்து, கண்ணீரை மூக்குப் பக்கத்து மூலைக்குத் தள்ளுகிறது. பெரியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறோம். கைக்குழந்தை இரண்டு, மூன்று தடவைதான் இமைக்கும். அது உங்களை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது என்று பூரித்துப்போகிறோமே, அதில் இதுவும் ஒரு காரணம்.

தூங்கும்போது இமைப்பது நின்றுவிடும், கண்ணீர் சுரப்பது குறையும். அந்த நேரத்தில் பாக்டீரியா கொஞ்சம் பெருகும். உடனே இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கண்ணின் மேற்பரப்புக்கு வந்து காவலுக்கு நின்றுவிடுகின்றன. காலையில் கண் ஓரத்தில் கொஞ்சம் காய்ந்த பீளை இருந்தால், அது பெரும்பாலும் இரவு வேலை முடிந்து மிஞ்சியதுதான். கண் வெள்ளையாக, குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

பிறந்த குழந்தைக்கு இவை எங்கிருந்து வருகின்றன?

முதல் குடிகள் தாயிடமிருந்து வருகின்றன. சுகப்பிரசவத்தில் குழந்தை பிறப்புப் பாதை வழியாக வரும்போது அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் கண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. சிசேரியனில் பிறந்த குழந்தையின் கண்ணைப் பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒற்றிப் பார்த்தால் பல நேரம் ஒன்றுமே வளர்வதில்லை. பனிக்குடம் உடைந்து நீண்ட நேரம் கழித்துச் சிசேரியன் செய்தால் மட்டும் இந்த வித்தியாசம் மங்கிவிடும். அப்புறம் அம்மாவின் தோல், எடுத்துக் கொஞ்சும் கைகள், குழந்தையின் மூக்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.

இந்த முதல் நாட்கள் ஆபத்தான நாட்களும்கூட. தாய்க்கு, பாலுறவால் பரவும் கொனோரியா தொற்று இருந்தால் அந்தப் பாக்டீரியா குழந்தையின் கண்ணில் புகுந்து சில நாட்களிலேயே கருவிழியை அழித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்த குழந்தைகளில் பலர் இப்படிப் பார்வை இழந்தவர்கள். 1880 வாக்கில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் க்ரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் 2 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய், ஒரு குழந்தைக்கும் கீழே இறங்கியது. ஒரே ஒரு சொட்டு, எத்தனை குழந்தைகளின் பார்வை! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

சில்வர் நைட்ரேட் கண்ணை எரிக்கும். அதற்குப் பதிலாக இப்போது எரித்ரோமைசின் களிம்பு போன்றவை வந்துவிட்டன. கென்யாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், விலை மலிவான பொவிடோன் அயோடின் கரைசல் மற்ற இரண்டையும்விட நன்றாகவே வேலை செய்தது.

குழந்தையின் கண்ணும் பெரியவர் கண்ணும் இந்த விஷயத்தில் ஒன்றுதானா?

இல்லை. ஆரோக்கியமான குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டு 1988இலேயே ஆய்வு வந்தது. குழந்தைகளின் கண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் அதிகம். பெரியவர்களின் கண்ணில் காற்றில்லாமல் வாழும் க்யூட்டிபாக்டீரியம் போன்றவை அதிகம். க்யூட்டிபாக்டீரியம் எண்ணெய்ப் பசையை விரும்பும் ஆள். பருவ வயதில்தான் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் முழுவேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். முகப்பரு வரும் வயதும் அதுதானே.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதிகம் இருப்பதற்கு மூக்கைப் பாருங்கள். சின்னக் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அது நிறையக் குடியிருக்கும். மூக்கைத் துடைத்த கையாலேயே கண்ணைக் கசக்குவார்கள். பால்வாடியில், பள்ளியில் ஒருவர் மூக்கு இன்னொருவர் கை என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

வயதோடு இடமும் பருவமும்கூட மாற்றம் செய்யும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் கண்களைப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான கண்களிலேயே வயதுக்கு ஏற்பவும், மழைக்காலமா வெயில்காலமா என்பதற்கு ஏற்பவும் பாக்டீரியாக் கூட்டம் வேறுபட்டது. அதனால் "சரியான கண் பாக்டீரியாப் பட்டியல்" என்று ஒன்றை யாராவது உங்களிடம் காட்டினால் நம்ப வேண்டாம்.

அவை சும்மா இருக்கின்றனவா, நமக்கு ஏதாவது நன்மை உண்டா?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பியின் ஆய்வுக்குழு 2017இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. சில எலிகளின் கண்ணில் கோரினிபாக்டீரியம் மாஸ்டிடிடிஸ் என்ற பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருந்தது. அது அந்த எலிகளுக்கு எந்த நோயும் தரவில்லை. ஆனால் சவ்வில் இருக்கும் ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பி, ஐ.எல்.-17 என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்க வைத்தது. அந்தச் சமிக்ஞையைக் கண்டு வெள்ளணுக்கள் வந்தன, கண்ணீரில் கிருமிகொல்லிப் பொருட்கள் கூடின. இந்தப் பாக்டீரியா இருந்த எலிகள் காண்டிடா பூஞ்சையையும் சூடோமோனாஸ் என்ற மோசமான பாக்டீரியாவையும் எதிர்த்து நின்றன. ஜென்டாமைசின் என்ற ஆண்டிபயாடிக் கொடுத்து அந்தக் குடியை அழித்த பிறகு பூஞ்சையைத் தடுக்கும் வலு குறைந்துபோனது.

நாம் சாதாரணமாகச் சொட்டும் ஒரு மருந்து, கண்ணின் காவலையே குறைக்கலாம் என்பதை இது காட்டுகிறது. எலிக்கு நடப்பது அப்படியே குழந்தைக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கோரினிபாக்டீரியம் குடும்பத்தின் உறுப்பினர்கள் நம் கண்ணிலும் இருக்கிறார்கள். ஆகவே காரணமில்லாமல் மருந்து விடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

அப்படியானால் கண் ஏன் சிவந்து பீளை கட்டுகிறது?

வழக்கமான குடிகளால் அது பெரும்பாலும் நடப்பதில்லை. குழந்தைகளுக்கு வரும் பாக்டீரியாக் கண்நோயில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே, நிமோகாக்கஸ், மொராக்ஸெல்லா இந்த மூன்றும்தான் முக்கியமான ஆட்கள். மூன்றுமே மூக்கிலும் தொண்டையிலும் இருப்பவை. அதனால்தான் சளி பிடித்த வாரத்திலேயே கண்ணும் ஒட்டுகிறது. கண் ஒட்டும் குழந்தைக்குக் காதும் வலித்தால் ஹீமோஃபிலஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாமல் வாய்வழி மருந்து தேவைப்படலாம். காது வலியையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹீமோஃபிலஸ் குடும்பத்தில் ஒருவருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1883இல் காலரா பற்றி ஆராய எகிப்து போன ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோஹ், அங்கே கண்நோய் கண்டவர்களின் பீளையில் ஒரு சிறு குச்சிப் பாக்டீரியாவைப் பார்த்தார். ஹீமோஃபிலஸ் ஈஜிப்டியஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நூறு வருடம் கழித்து, 1984இல் பிரேசிலின் ப்ரோமிஸாவோ என்ற ஊரில் கண்நோய் வந்து தேறிய குழந்தைகளில் சிலருக்குத் திடீரென்று கடும் காய்ச்சலும் தோலில் ஊதாத் திட்டுகளும் வந்தன. பத்துக் குழந்தைகள் இறந்தார்கள். அதே பாக்டீரியாவின் ஒரு வகைதான் காரணம். மிக மிக அரிதான நோய் இது. ஆனாலும் கண்நோயோடு காய்ச்சலும் தோலில் திட்டும் சேர்ந்தால் ஏன் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

நிமோகாக்கஸ் பற்றி ஒரு தகவல். 2002இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 698 மாணவர்களுக்குக் கண்நோய் பரவியது. அதற்குக் காரணமான நிமோகாக்கஸுக்கு வழக்கமாக இருக்கும் மேலுறை இல்லை. இப்படி மேலுறை இல்லாத வகைகளில் பலவற்றுக்குக் கண்ணின் சவ்வில் பற்றிக்கொள்ள உதவும் தனிப் புரதங்கள் உண்டு என்று பின்னால் தெரிந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் மேலுறையைக் குறிவைப்பவை. ஆகையால் தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் இந்தக் கண்நோய் வரலாம். நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்ற பெரிய ஆபத்துகளிலிருந்து காக்கத்தான் அந்த ஊசி. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெட்ராஸ் ஐயும் இதுதானா?

இல்லை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. அதில் தண்ணீர் போல நீர் வடியும், கண் நன்றாகச் சிவக்கும், ஒரு கண்ணில் தொடங்கி இன்னொன்றுக்குப் போகும், காதுக்கு முன்னால் நெறி கட்டலாம். பாக்டீரியா என்றால் மஞ்சளாக, கெட்டியாகப் பீளை வந்து இமை ஒட்டிக்கொள்ளும். இது பொதுவான அடையாளம்தான். வீட்டில் பார்த்து முடிவாகச் சொல்லிவிட முடியாது. வைரஸுக்கு ஆண்டிபயாடிக் சொட்டு மருந்து வேலை செய்யாது.

பீளை வந்தால் ஆண்டிபயாடிக் சொட்டு மருந்து கட்டாயமா?

பெரும்பாலும் இல்லை. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில், ஆறு மாதம் முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 326 குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு குளோரம்ஃபெனிகால் சொட்டும், பாதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டும் விட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2005இல் முடிவு வந்தது. ஏழாம் நாள் மருந்து விட்டவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும், மருந்தில்லாதவர்களில் 83 பேருக்கும் கண் சரியாகியிருந்தது.

அதைவிட நான் ரசித்த விஷயம், கண் தெளிந்துவிட்ட பல குழந்தைகளிடம் ஒற்றிப் பார்த்தபோது அதே பாக்டீரியா இன்னும் கொஞ்சம் இருந்தது. கண்ணீரும் நோய் எதிர்ப்புச் சக்தியும் அதன் எண்ணிக்கையைக் குறைத்து அடக்கிவிட்டன. அது முழுவதும் செத்தொழிந்தால்தான் குழந்தை குணமாகும் என்பதில்லை.

இதற்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்து சில நாள் முன்கூட்டியே குணமாக்கலாம். கைக்குழந்தை, கண்ணில் அடிபட்ட குழந்தை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை என்றால் கணக்கே வேறு. லேசான பீளைக்கு மருத்துவர் "இரண்டு நாள் பார்க்கலாம்" என்று சொன்னால், அவர் அக்கறை இல்லாமல் சொல்கிறார் என்று நினைத்து இன்னொரு மருத்துவரிடம் போய் மருந்து வாங்க வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது, கொதிக்க வைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைக்க வேண்டும். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு, இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பஞ்சு. துடைத்த பிறகு உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடலாமா? போன தடவை மிச்சமான மருந்து வீட்டில் இருக்கிறது.

வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

நம் ஊரில் சீட்டில்லாமல் கேட்டாலே சில கடைகளில் கண் சொட்டு மருந்து கிடைக்கிறது. அதில் பல ஆண்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தவை. ஸ்டீராய்டு விட்டதும் சிவப்பு மடமடவென்று குறையும், "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். ஆனால் உள்ளே கண் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரமும் அதிகமாகவும் அழுத்தம் ஏறும். அலர்ஜியால் வருடம் முழுக்கக் கண்ணைக் கசக்கும் குழந்தைகளுக்கு இப்படி மாதக்கணக்கில் விட்டு, க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோயும் கண்புரையும் வந்து பார்வை போன கதைகள் கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. பூஞ்சைத் தொற்றோ ஹெர்பிஸ் தொற்றோ இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்தே விடும்.

திறந்து ஒரு மாதத்துக்கு மேலான குப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் மூக்கு நுனியிலேயே பாக்டீரியா குடியேறியிருக்கும்.

பிறந்ததிலிருந்து ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. தொற்றா?

பெரும்பாலும் தொற்று இல்லை, அடைப்பு. கண்ணீரை மூக்குக்குள் கொண்டுபோகும் குழாயின் கீழ்முனையில் ஒரு சிறு சவ்வு திறக்காமல் இருக்கும். தேங்கிய கண்ணீரில் பாக்டீரியா பெருகுவதால் பீளை வந்துகொண்டே இருக்கும். ஆனால் கண் வெள்ளையாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும்.

அதுவரை மசாஜ் செய்யலாம். க்ரிக்லர் என்ற மருத்துவர் 1923இல் விளக்கிய முறை இது. நகம் வெட்டிய, கழுவிய சுட்டுவிரலைக் கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டி வைத்து, கொஞ்சம் அழுத்திக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவை மருத்துவரோ நர்ஸோ செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் தோலை மட்டும் தடவிவிட்டு மசாஜ் பலிக்கவில்லை என்கிறார்கள். ஒரு வயதுக்கு மேலும் திறக்கவில்லை என்றால் மெல்லிய கம்பியால் திறந்துவிடும் சிறு சிகிச்சை உண்டு. உள்மூலை சிவந்து வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூ, கண்மை?

பாட்டிமார் அன்போடு சொல்வதுதான், தெரியும். தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் இருப்பதும் உண்மை. ஆனால் அதில் சர்க்கரையும் தோலிலிருந்து வந்த பாக்டீரியாவும் உண்டு, ஏற்கெனவே தொற்றிய கண்ணுக்கு அது மருந்தாகாது. குழந்தைக்கு வாய் வழியாகக் கொடுங்கள், கண்ணுக்கும் அதுவே நல்லது. பூச்சாறும் இலைச்சாறும் கிருமி நீக்கப்படாதவை. மண்ணிலிருந்து வரும் பூஞ்சையும் கூடவே வரும். கருவிழியில் புண் இருக்கும்போது இப்படிச் சாறு விட்டால் கண்ணையே இழக்க நேரலாம்.

கண்மையிலும் சுர்மாவிலும் சிலவற்றில் ஈயம் இருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தை கண்ணைத் தேய்த்து விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். திருஷ்டிக்குப் பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம்.

ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த சோதனை) ரிப்போர்ட்டில் "ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்" என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இப்படி ஒரு ரிப்போர்ட்டை என் கையாலேயே பலமுறை அனுப்பியிருக்கிறேன். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தை என்றால் அது அந்த வீட்டில் குடியிருப்பவரின் பெயர், அவ்வளவுதான். அறிகுறி இருந்தால், எவ்வளவு வளர்ந்தது, வெள்ளணுக்கள் கூட இருந்தனவா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.

சத்துக் குறைவுக்கும் கண் பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணின் சவ்வு வறண்டு தோல் போலத் தடிக்கும். கருவிழிக்குப் பக்கத்தில் நுரை போன்ற வெள்ளைத் திட்டு தோன்றும். 1863இல் பிரான்ஸின் பித்தோ என்ற மருத்துவர் குழந்தைகளிடம் இதை விவரித்தார். வைட்டமின் என்ற சொல்லே அப்போது கிடையாது. அந்த நுரைக்குக் காரணம், தடித்த செல்களுக்கு நடுவே குடியேறி வாயு வெளியிடும் கோரினிபாக்டீரியம் ஜெரோஸிஸ். பாக்டீரியா நோயைத் தரவில்லை. நிலம் வறண்டதும் அதற்கேற்ற செடி முளைப்பது போல அது முளைத்தது.

அதனால் இந்தத் திட்டுக்குச் சொட்டு மருந்து தேடிப் பயனில்லை. அதோடு மாலைக்கண்ணும் இருந்தால் மருத்துவரிடம் காட்டி வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகக் கொடுக்கும் வைட்டமின் ஏ கரைசலை விட்டுவிடாதீர்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை எல்லாம் அன்றாடச் சாப்பாட்டில் இருக்கட்டும்.

ட்ரகோமா இன்னும் இருக்கிறதா?

ட்ரகோமா என்பது கிளமிடியா ட்ரகோமாட்டிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கண்நோய். சின்னக் குழந்தைகளின் கண்ணும் மூக்குமே அதன் இருப்பிடம். விரல், துணி, ஈ மூலம் பரவும். பலமுறை வந்து வந்து இமையின் உட்பக்கம் தழும்பாகி, வளர்ந்த பிறகு இமைமுடி உள்ளே திரும்பிக் கருவிழியைக் கீறும். இந்தியாவில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. மருந்தோடு சேர்ந்து, குழந்தைகளின் முகத்தைத் தினமும் கழுவியதும் அந்த வெற்றிக்குக் காரணம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இன்னும் இருக்கிறது.

மகள் காண்டாக்ட் லென்ஸ் கேட்கிறாள்.

லென்ஸ் அணிபவர்களின் கண்ணில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் அவர்களுடைய தோலில் இருப்பதைப் போல மாறிவிடுகிறது என்று நியூயார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. சூடோமோனாஸும் அதில் கூடியிருந்தது. கையைக் கழுவித் துடைத்து, குழாய்த் தண்ணீர் படாமல், தூங்கும்முன் கழற்றிவைக்கும் பொறுப்பு வந்த பிறகு வாங்கிக் கொடுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் சிவந்தாலோ சீழ் வந்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் போக வேண்டும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை மங்கினால், இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், கண்ணில் குச்சி, நெல் உமி, கரும்புத் தோகை ஏதாவது பட்டிருந்தால், கண்நோயோடு உடம்பில் ஊதாத் திட்டு வந்தால் அன்றைக்கே போங்கள். கருவிழியில் ஒரே நாளில் நிலைமை மோசமாகிவிடலாம்.

எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

பீளை வடிவது நின்று, குழந்தை தன் கையைத் தானே கழுவிக்கொள்ளும் நிலையில் இருந்தால் அனுப்பலாம். மெட்ராஸ் ஐ என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் சொல்லும் நாள் வரை வீட்டில் வையுங்கள். துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும், வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்காரும் குழந்தையின் அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.